சிவப்புப் பேனா யார் கையில்?

(திருவண்ணாமலையில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செங்கம், தண்டராம்பட்டுப் பக்கமிருந்து வந்த ஆசிரியர்கள் முன்வரிசையில் இருப்பதால் அவர்கள் ஊர்ப் பெருமையிலிருந்தே தொடங்கிவிடுகிறேன். 1972இல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. பதிப்பித்தவர் இரா. நாகசாமி. அந்த வட்டாரத்து நடுகற்களில் எல்லாருக்கும் பிடித்தது எடுத்தனூர்க் கல்தான். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதாகக் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நாய்க்கும் பெயர் பொறித்த மண் நம்முடையது.

இப்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘நடுகல்’ என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். பலர் ‘நடுக்கல்’ என்று எழுதித் தருவார்கள். ஒற்று ஒன்று கூடியதால் வீரனுக்கு நட்ட கல், நடுவில் கிடக்கும் கல்லாகிவிட்டது. நாம் உடனே என்ன செய்கிறோம்? சிவப்பு மையால் அந்த ‘க்’கைச் சுழித்துவிட்டு, “வினைத்தொகையில் வல்லினம் மிகாது, பத்து முறை எழுதிக்கொண்டு வா” என்கிறோம். பிள்ளையும் எழுதிக்கொண்டு வருகிறது. விதி மனப்பாடம் ஆகிறது, ஒரு மதிப்பெண்ணும் கிடைக்கிறது, அடுத்த கட்டுரையில் வேறொரு வினைத்தொகையில் அதே பிழை.

அதே பிள்ளை ‘ஊறுகாய்’ என்று பிழையில்லாமல் எழுதுகிறதே, கவனித்திருக்கிறீர்களா? ‘சுடுகாடு’ம் சரியாக எழுதும். இவையும் வினைத்தொகைகள்தாம். ‘ஊறுக்காய்’ என்று யாரும் வாயால் சொல்வதில்லை. அதனால் கையும் எழுதுவதில்லை. நடுகல் என்ற சொல் பிள்ளையின் வாயில் புழங்கவில்லை, அவ்வளவுதான். விதி தெரியாததால் வந்த பிழை அல்ல அது. சொல்லைக் காதால் கேட்காததால் வந்தது.

இன்று நான் சொல்ல வந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒற்றுப்பிழையைக் காதால் பிடிக்க வேண்டும். நாம் கண்ணாலும் சூத்திரத்தாலும் பிடிக்கச் சொல்கிறோம். இன்னொன்று, பிழை திருத்துவது மாணவரின் வேலை. அந்த வேலையை இத்தனை காலமாக ஆசிரியர் செய்துகொண்டிருக்கிறார்.

காதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். தமிழில் ககரம் ஒரே எழுத்து. ஆனால் ‘பகல்’ என்னும்போது மெலிந்து ஒலிக்கிறது, ‘பக்கம்’ என்னும்போது அழுத்தி ஒலிக்கிறது. தகரமும் பகரமும் அப்படியே. ஆகவே ஒற்று மிகுந்ததா இல்லையா என்பது படிக்கும்போது காதில் விழுந்தே தீரும். நம் ஊரில் ‘கிரிவல பாதை’ என்று ஒற்றில்லாமல் எழுதிய பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாதையில் பூக்கட்டி விற்கும் அம்மாவிடம் வழி கேளுங்கள். ‘கிரிவலப் பாதை’ என்று ‘ப்’பை அழுத்தித்தான் சொல்வார். பலகை எழுதியவரும் வாயால் சொல்லும்போது சரியாகவே சொல்லியிருப்பார். தூரிகை பிடித்ததும்தான் ஒற்று போயிற்று. ‘வேலை கொடு’ என்றால் பிழைப்புக் கேட்கிறான்; ‘வேலைக் கொடு’ என்றால் முருகனின் கைவேலைக் கேட்கிறான். ‘படித்துக் காட்டு’ என்பதில் ‘க்’ வருகிறது, ‘செய்து காட்டு’ என்பதில் வரவில்லை. வன்தொடர், இடைத்தொடர் என்று விளக்கலாம், விளக்கவும் வேண்டும். ஆனால் முதலில் பிள்ளை இரண்டையும் உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும். வித்தியாசம் வாயில் தெரிந்த பிறகு விதியைச் சொன்னால், தனக்குத் தெரிந்த ஒன்றுக்குப் பெயர் கிடைத்ததாக அது எடுத்துக்கொள்ளும்.

நம் பிள்ளைகள் எழுதும் ‘முயற்ச்சி’, ‘பயிற்ச்சி’, ‘அதற்க்கு’ எல்லாம் இந்த வகைதான். ‘வளர்ச்சி’, ‘மகிழ்ச்சி’ என்று எழுதிப் பழகிய கை, ‘முயற்சி’க்கும் ஒரு ‘ச்’ போட்டுவிடுகிறது. றகர ஒற்றுக்கும் டகர ஒற்றுக்கும் பின்னால் இன்னொரு வல்லின ஒற்று நிற்காது. கற்பு, நட்பு, கட்சி, வெட்கம் என்று நான்கு சொற்களைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு ‘அதற்க்கு’ என்பதை எழுதியபடியே உச்சரிக்கச் சொல்லுங்கள். நாக்கு மாட்டிக்கொள்ளும், வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அந்தப் பிழை குறைந்துவிடும்.

காது எல்லாவற்றுக்கும் உதவும் என்று நான் சொல்லவில்லை. சகரத்தில் அது தடுமாறும். ‘அதைச் சொன்னான்’ என்பதை இன்று பெரும்பாலோர் பேச்சில் ஒற்றில்லாமல்தான் சொல்கிறோம். மயங்கொலியில் காது நம்மைக் கைவிட்டே விடும். ரகரமும் றகரமும் பேச்சில் ஒன்றாகிவிட்டன. வட ஆர்க்காட்டுப் பேச்சில் வாழைப்பழம் வாயப்பயமாவதை எல்லாரும் கேட்டிருக்கிறோம். அந்தப் பிள்ளையை நிறுத்தி, “நாக்கு வளையவில்லையா?” என்று கேலி செய்யும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாம். வீட்டுப் பேச்சைப் பழிப்பதால் எழுத்து திருந்திய வரலாறு கிடையாது. மயங்கொலிக்கு மருந்து வேறு: சொல்லைக் கொஞ்சம் நீட்டிப் பார்ப்பது. ‘ஏறு’ என்பதில் எந்த ர? ‘ஏற்றம்’ என்று நீட்டுங்கள். ‘தீபம் ஏற்றினார்கள்’ என்று சொல்லாத திருவண்ணாமலைப் பிள்ளை உண்டா? ‘ற்ற’ வந்தால் வேரில் இருப்பது றகரம். ஆறு, ஆற்றில், சேறு, சேற்றில், சோறு, சோற்றில். இதே வழியில் போனால் ‘சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்’ என்ற புகழ்பெற்ற வாசகத்தின் கோளாறும் பிடிபடும். சொல் ‘சுவறு’ அல்ல, ‘சுவர்’; எனவே ‘சுவரில்’.

சுவர் என்றதும் நம் கோயில் சுவர் நினைவுக்கு வருகிறது. அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் எட்டாம் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. ஒருநாள் மாணவர்களை அழைத்துப்போய் ஒரு கல்வெட்டின் முன் நிறுத்திப் பாருங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இராது. கமா இல்லை, முற்றுப்புள்ளி இல்லை. ஓலைச்சுவடியும் அப்படித்தான், எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள். மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் சொல்லியிருந்தும், எழுதியவர்கள் அதை வாசிப்பவர் தலையில் கட்டினார்கள். அன்றைக்கு இலக்கணம் படிக்காதவனால் வாசிக்கவே முடியாது. எது மெய், எது உயிர்மெய், எங்கே சொல் முடிகிறது என்பதையெல்லாம் இலக்கணத்தைக் கொண்டுதான் கண்டுபிடிக்க வேண்டும். இலக்கணம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்கும் பிள்ளைக்கு அந்தச் சுவர் நல்ல பதில்.

நிறுத்தற்குறிகள் அச்சோடு வந்தவை. தமிழ் உரைநடையில் அவற்றை ஊன்றிப் பயன்படுத்திய முன்னோடி யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். 1822இல் நல்லூரில் பிறந்தவர். பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர். பிறகு சைவப் பள்ளி தொடங்கினார், அச்சுக்கூடம் நிறுவினார். பாலபாடங்கள், இலக்கணச் சுருக்கம், 1852இல் பெரியபுராண வசனம் என்று அச்சிட்டுத் தள்ளினார். குறிகளை மேல்நாட்டாரிடமிருந்து எடுத்துக்கொள்வதில் அந்த ஆசாரசீலருக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை. பிள்ளைகள் படிக்க வேண்டும், அவ்வளவே அவர் கணக்கு.

தமிழ் அதுவரை குறிகள் இல்லாமல் எப்படி ஓடியது என்பதையும் மாணவருக்குச் சொல்ல வேண்டும். ‘வந்தானா’ என்பதில் ஆகாரமே வினாக்குறி. ‘அண்ணனும் தம்பியும் அத்தையும்’ என்பதில் உம்மையே கமா. ‘என்று’ என்ற சொல்லே மேற்கோளை மூடும் குறி. வினைமுற்று வந்தால் வாக்கியம் முடிந்தது. குறிகள் செய்யும் வேலையில் பெரும்பங்கை விகுதிகளும் இடைச்சொற்களும் செய்துவிடுகின்றன. அதனால்தான் ஆங்கில வகுப்பில் கற்ற கமா விதிகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் வாக்கியம் நொண்டுகிறது.

அப்படியானால் குறி எங்கே கட்டாயம்? பொருள் இரண்டாகப் பிளக்கும் இடத்தில். ‘அப்பா சாமி கும்பிட வரவில்லை’ என்றால் வராதவர் அப்பா. ‘அப்பா, சாமி கும்பிட வரவில்லை’ என்றால் மகள் அப்பாவிடம் வேறு யாரைப் பற்றியோ கோள் சொல்கிறாள். ‘நேற்று வந்த ஆசிரியரின் மகன்’: வந்தவர் ஆசிரியரா, மகனா? ‘நேற்று வந்த, ஆசிரியரின் மகன்’ என்று கமா போட்டால் மகன். இன்னும் நல்ல வழி, ‘ஆசிரியரின் மகன் நேற்று வந்தான், அவன்…’ என்று வாக்கியத்தையே மாற்றிவிடுவது. ‘நான் வரமாட்டேன் என்று முருகன் சொன்னான்’ என்பதில் மேற்கோள்குறி இருந்தால் வராதவன் முருகன். இல்லாவிட்டால் அதை எழுதியவனாகவும் இருக்கலாம். இப்படி நான்கு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாடவிட்டால் போதும். ‘நிறுத்தற்குறிகள் எத்தனை வகைப்படும்?’ என்ற கேள்விக்கு விடை எழுதுவதைவிட இது பயன் தரும். உணர்ச்சிக்குறியைப் பற்றி ஒரே ஒரு சொல்: ஒன்று போதும். ‘அனைவரும் வருக!!!’ என்று மூன்று போட்டால் மும்மடங்கு கூட்டம் வராது.

இனி இரண்டாவது விஷயம். சிவப்புப் பேனா.

அச்சுக்கோத்த காலத்தில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துவிட்டு ஆசிரியர் வேலைக்கு வந்தவன் நான். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. முக்கியமான வேலை என்றால் இருவர் உட்காருவோம். ஒருவர் மூலப்படியை உரக்கப் படிப்பார், குறிகளையும் சேர்த்து: “அன்புடையீர் கமா, வணக்கம் ஃபுல்ஸ்டாப், புதுப் பத்தி.” மற்றவர் ஈரம் காயாத புரூஃப்பில் பென்சிலை ஓட்டுவார். சுவடி ஒப்புநோக்கிய காலத்து முறையும் ஏறத்தாழ இதுவே. ஒருவர் படிக்க மற்றவர் பார்ப்பார். உ.வே. சாமிநாதையருக்கு வேலை கும்பகோணம் கல்லூரியில், சிந்தாமணி அச்சானது சென்னையில். விடுமுறை விட்டதும் சென்னைக்கு ஓடிப்போய்ப் புரூஃப்போடு கிடந்துதான் 1887இல் அந்தப் பதிப்பை முடித்தார். பிழை பார்ப்பது கடைநிலை வேலை என்று யாராவது சொன்னால் அவரைக் காட்டுங்கள்.

எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. மனத்தில் இருக்கும் சொல்லைத்தான் கண் தாளில் படிக்கிறது. ஆகவே வகுப்பில் நோட்டை மாற்றிக்கொடுங்கள். ஒரு மாணவர் தம் கட்டுரையை உரக்கப் படிக்கட்டும், பக்கத்திலிருப்பவர் தாளைப் பார்க்கட்டும். படிப்பவர் வாயில் வந்த ஒற்று தாளில் இல்லையென்றால் அங்கே ஒரு கோடு. மேல்நிலை வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் மெய்ப்புத் திருத்தக் குறியீடுகளே தரப்பட்டிருக்கின்றன. பல பள்ளிகளில் அந்தப் பக்கத்தை வினாத்தாளுக்காகப் புரட்டுவதோடு சரி. அந்தக் குறிகளை இந்த வேலையில் பயன்படுத்த வையுங்கள். நீக்கு, சேர், இடம் மாற்று, இணை என்ற நான்கு போதும்.

ஆசிரியர் என்ன செய்வது? அமெரிக்கப் பேராசிரியர் ரிச்சர்ட் ஹாஸ்வெல் 1983இல் எழுதிய ஒரு கட்டுரையில் நமக்குப் பயன்படும் ஒரு வழி இருக்கிறது. பிழையைத் திருத்தவும் வேண்டாம், சுழிக்கவும் வேண்டாம். பிழையுள்ள வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு குறி மட்டும் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அவருடைய மாணவர்கள் ஏறத்தாழ 60 விழுக்காட்டுப் பிழைகளைத் தாமே கண்டுபிடித்துத் திருத்திவிட்டார்கள். அதாவது பாதிக்கு மேல் அறியாமை அல்ல, கவனக்குறைவு. நம் வகுப்பில் நாற்பது கட்டுரைத் தாள்களைத் தூக்கமிழந்து திருத்துகிறோமே, பிள்ளை அதில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறது. சிவப்பு மையில் நாம் செய்வது நம்முடைய இலக்கணப் பயிற்சி.

ஸ்டீவ் கிரஹாமும் டொலோரஸ் பெரினும் 2007இல் வெளியிட்ட அறிக்கையையும் சொல்ல வேண்டும். நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையான மாணவர்களிடம் நடந்த ஆய்வுகளை அவர்கள் திரட்டிப் பார்த்தார்கள். இலக்கணத்தைத் தனிப் பாடமாக நடத்தியதால் எழுத்து மேம்பட்டதாகத் தெரியவில்லை. சின்ன வாக்கியங்களை இணைத்துப் பெரிதாக்கும் பயிற்சி பலன் தந்தது. இதைப் பிடித்துக்கொண்டு ‘இலக்கணமே வேண்டாம்’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது ஆங்கில எழுத்துக்குச் செய்த ஆய்வு. புணர்ச்சி விதி அங்கே கிடையாது. ஆனால் இணைக்கும் பயிற்சி நமக்கு இன்னும் பொருந்தும். ‘மழை வந்தது. கூட்டம் கலைந்தது. பூக்காரர் மட்டும் இருந்தார்.’ இதை ஒரே வாக்கியமாக்கச் சொல்லுங்கள். ‘மழை வந்து கூட்டம் கலைந்த பிறகும் பூக்காரர் மட்டும் இருந்தார்.’ வினையெச்சம், பெயரெச்சம் இரண்டும் சொல்லாமலே வந்துவிட்டன. பெயரை அடுத்த நாள் சொல்லிக்கொள்ளலாம்.

பயிற்சிக்கு நூல் எதுவும் வாங்க வேண்டாம். எல்லார் வீட்டிலும் கல்யாணப் பத்திரிகைகள் கிடக்கின்றன. ஆளுக்கு ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். பெயர்களையும் முகவரியையும் மறைத்துவிட்டு வகுப்பில் சுற்றுக்கு விடுங்கள். ‘திருவளர்ச்செல்வன்’, ‘திருநிறைச்செல்வி’ என்று அச்சாகியிருக்கும். வளர்செல்வன், நிறைசெல்வி: நடுகல்லைப் போல வினைத்தொகை, ஒற்று வராது. ‘திருமண விழாவிற்க்கு’ இருக்கும். அதற்கு முன்பே மருந்து சொல்லியாயிற்று. பெரியவர்கள் பணம் கொடுத்து அச்சடித்த பத்திரிகையில் ஒரு பிழையைத் தானே கண்டுபிடித்துவிட்ட பெருமை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சாதாரணமானது அல்ல.

இந்த உற்சாகம் எல்லை தாண்டும் இடமும் உண்டு. ‘கோயில்’ சரியா, ‘கோவில்’ சரியா என்று சண்டை தொடங்கும். இரண்டும் சரி. ‘வாழ்த்துகள்’ என்பதா, ‘வாழ்த்துக்கள்’ என்பதா? ‘கள்’ விகுதிக்கு முன் ஒற்று வேண்டாம் என்பது என் கட்சி. ஆனாலும் நல்ல தமிழ் எழுதிய பலர் ஒற்றுப் போட்டே எழுதியிருக்கிறார்கள். இதற்காக ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைக் குறைப்பது அநியாயம். பிழை வேறு, வழக்கு வேறுபாடு வேறு என்று கற்பிப்பதும் நம் பாடத்தில் சேர்ந்ததே. ஐயம் வந்தால் பார்க்க ஆசிரியர் மேசையில் அ.கி. பரந்தாமனாரின் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’, மொழி அறக்கட்டளையின் ‘தமிழ் நடைக் கையேடு’, க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி மூன்றும் இருந்தால் போதும்.

கணினியில் ‘வாணி’, ‘நாவி’ என்று பிழைதிருத்திகள் வந்துவிட்டனவே என்று சிலர் கேட்கிறீர்கள். நல்ல கருவிகள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் எழுதியவர் கேட்டது பிழைப்பா, முருகனின் வேலா என்று கருவிக்குத் தெரியாது. பிள்ளை முதலில் தானே திருத்தட்டும். கருவியைக் கடைசியில் காட்டலாம்.

பெற்றோருக்கு ஒரு கணக்கு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் தமிழ்ப் பகுதிக்கு 150 மதிப்பெண். அதில் 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். சந்திப்பிழை நீக்குதல், ஒருமை பன்மைப் பிழை, மரபுப் பிழை எல்லாம் அந்தப் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. பள்ளியில் இலவசமாகக் கிடைக்கும் பயிற்சிக்குப் பின்னாளில் பயிற்சி மையத்தில் பணம் கட்ட வேண்டாமே.

தலைமையாசிரியர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. எட்டு முதல் பன்னிரண்டு வரை ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்தில் ஒரு பாடவேளையைப் பிழைதிருத்தத்துக்கென்று கால அட்டவணையில் எழுதி ஒதுக்குங்கள். அந்த வேளையில் பிள்ளைகள் உரக்கப் படிப்பார்கள், சத்தமாக இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் புகார் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள்களுக்கு மதிப்பெண் போடாதீர்கள். சிவப்புப் பேனாவை மாணவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.